ஜல்லி கிரஷர் அனுபவம் தாமிரச் சுரங்கத்தில் செல்லுமா?

கூடலூர் ஃபிட்டர் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். நான் டிப்ளமோ மெக்கானிக்கல், ஊர் கூடலூர். இப்போது காரமடைப் பக்கம் ஒரு ஜல்லி கிரஷரில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். தாடை மாதிரி கடித்து நசுக்கும் ஜா கிரஷர் ஒன்று, கூம்பு சுழன்று நசுக்கும் கோன் இரண்டு, எம் சாண்டுக்குக் கல்லை வேகமாக வீசி மோதவைக்கும் விஎஸ்ஐ ஒன்று. குன்னூர், ஊட்டி வேலைகளுக்கு எங்களிடமிருந்தும் லாரி மலையேறும்.

ஜாம்பியாவில் சோல்வேஜி பக்கம் ஒரு பெரிய தாமிரச் சுரங்கத்தில் பிரைமரி கிரஷர் ஃபிட்டர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். புதன்கிழமை ஆன்லைன் இன்டர்வியூ. அங்கே ஜா கிரஷர் கிடையாதாம், கைரேட்டரியாம். நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. "எங்கே போனாலும் கல்லு உடைக்கிறதுதானேடா" என்கிறார் எங்கள் ஃபோர்மேன். அம்மா யூடியூபில் வீடு மாதிரி நிற்கும் டம்பரைப் பார்த்துவிட்டு, போகவே வேண்டாம் என்கிறார். உள்ளே வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

சேரம்பாடி பெரியவர்:

தம்பி, நான் ரிட்டயர்டு ஆள். தேயிலைத் தோட்ட லைன் வீட்டில் பிறந்தவன். வேலைக்கு முதலில் போனது மத்தியப் பிரதேசத்தில் மலாஞ்ச்கண்ட், அதன் பிறகு ஜாம்பியா. கடைசிவரை கிரஷர்தான், வேறு எதுவும் உருப்படியாகத் தெரியாது.

உங்கள் ஃபோர்மேன் சொன்னது பாதி சரி. உங்களுக்குக் கல்தான் சரக்கு. முக்கால் ஜல்லி சப்பை சப்பையாக வந்தால் கான்ட்ராக்டர் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார். தாமிரத்தில் கல்லின் அழகை எவனும் பார்ப்பதில்லை. ஒரு டன் கல்லில் ஆறு கிலோ தாமிரம் இருந்தால் மோசமில்லை என்பார்கள், அதிலும் கைக்கு வருவது ஐந்தரை கிலோகூட இருக்காது. பாக்கி அவ்வளவும் உடைத்து, அரைத்து, தண்ணீரோடு கலந்து கழிவு அணைக்கு அனுப்பத்தான். கல்லுக்குள் சால்கோபைரைட் என்ற தாமிரக் கனிமம் சின்னச் சின்ன மணியாக ஒட்டிக்கொண்டிருக்கும். கோலமாவைவிட நைசாக அரைத்தால்தான் அது கல்லை விட்டுப் பிரியும், அப்புறம்தான் நுரையில் மிதக்கவைத்து அள்ள முடியும். கிரஷர் இந்த வரிசையில் முதல் படி. நீ தள்ளும் கல் பதினைந்து சென்டிமீட்டரா பதினெட்டா என்று பெரிதாகச் சண்டை வராது. கிரஷர் நின்றால் வரும்.

இப்போது மெஷினுக்கு வருவோம். ஜா கிரஷரில் தாடை மூடும்போதுதான் கல் உடைகிறது, திறக்கும்போது சும்மா கீழே இறங்குகிறது. பாதி நேரம் ஓய்வு. கைரேட்டரியில் நடுவில் ஒரு பெரிய மெயின்ஷாஃப்ட், அதன்மேல் மேண்டில் என்ற இரும்புக் கவசம், சுற்றிலும் கான்கேவ் என்ற அசையாத உள்சுவர்த் தகடுகள். கீழே எக்சென்ட்ரிக் என்ற மையம் விலகிய பாகம் சுற்றுவதால் ஷாஃப்ட் ஒரு பக்கம் நெருங்கும்போது எதிர்ப்பக்கம் விலகும். எந்த நொடியிலும் எங்கோ ஒரு பக்கத்தில் கல் நசுங்கிக்கொண்டே இருக்கும். கோன் தெரிந்த உனக்கு இது அந்நியமே இல்லை. கோனில் மேண்டில் சாய்வாகப் படுத்திருக்கும், இதில் செங்குத்தாக, உயரமாக நிற்கும். ஷாஃப்டின் தலையை ஸ்பைடர் என்ற குறுக்குச் சட்டம் பிடித்திருக்கும். வித்தியாசம் அளவில்தான். 60 அங்குல வாய் என்றால் ஒரு மீட்டருக்கு மேலான பாறாங்கல்லும் நேராக உள்ளே இறங்கும். பெரிய சைஸ் மெஷின்களின் எடை ஐநூறு டன்னைத் தாண்டும்.

ஃபீடர் வைத்து அளந்து போடுகிற வேலையும் இல்லை. 240 டன் டம்பர் பின்னால் வந்து மொத்தத்தையும் வாய்மேல் கவிழ்த்துவிட்டுப் போகும். எதிர்ப்பக்கம் அடுத்தது காத்திருக்கும். கைரேட்டரிக்கு வாய் நிறையக் கல் இருப்பதுதான் பிடிக்கும், அரைகுறையாகப் போட்டால் லைனர் (தேய்ந்தால் மாற்றும் மேண்டில், கான்கேவ் தகடுகள்) ஒரே இடத்தில் தேயும்.

அம்மாவிடம் சொல், டம்பரைப் பார்த்து நீ பயப்பட வேண்டியதில்லை. அதற்கு ரோடு தனி, விதி தனி. நீ பயப்பட வேண்டியது கிரஷர் நின்றிருக்கும்போது. அதை ராத்திரி எழுதுகிறேன், இங்கே கரன்ட் விட்டு விட்டு வருகிறது.

கோத்தகிரி டிசைனர்:

பெரியவர் வரும்வரை ஒரு கணக்கு. நான் கோவையில் மில் டிசைன் பக்கம் இருக்கிறேன். பெரிய கைரேட்டரியின் மோட்டார் ஒரு மெகாவாட்டை ஒட்டி இருக்கும். அதற்கு அடுத்து நிற்கிற சாக் மில், அதாவது கல்லும் இரும்புக் குண்டுமாகச் சுழன்று அரைக்கும் பெரிய உருளை, 40 அடி விட்டம் என்றால், 20 மெகாவாட்டுக்கு மேல் இழுக்கும். நம் மாயாறு பவர்ஹவுஸில் மூன்று மெஷினும் சேர்ந்தே 36 மெகாவாட்தான். சாக் மில்லுக்குப் பின்னால், இரும்புக் குண்டுகளால் இன்னும் நைசாக அரைக்கும் பால் மில்கள் வேறு. சுரங்கத்தில் கரன்ட் பில் எகிறுவது அரைப்பதில்தான், உடைப்பதில் இல்லை.

அதனால்தான் முடிந்தவரை வெடியிலேயே கல்லைச் சின்னதாக்கிவிடப் பார்க்கிறார்கள். வெடிமருந்துக்குக் கூடுதலாகப் போகும் காசு மில்லில் மிச்சமாகிவிடும். பெருவில் செரோ வெர்டே சுரங்கத்தில் 2006இல் சாக் மில்லே வேண்டாம் என்று, இரண்டு உருளைக்கு நடுவில் கல்லை அழுத்தி நொறுக்கும் எச்பிஜிஆர் போட்டார்கள். ஃபிட்டருக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள். கிரஷர் லைனர் தேய்ந்து கல் பெரிதாகப் போனால் சாக் மில்லின் டன்னேஜ் விழும், மறுநாள் காலை மீட்டிங்கில் உங்கள் பெயர் அடிபடும்.

பந்தலூர் டீச்சர்:

எனக்குச் சுரங்கம் தெரியாது. ஆனால் எங்கள் ஊருக்கும் கல் உடைத்த கதை உண்டு. 1879இல் ஆஸ்திரேலியாவில் இருந்து பிரஃப் ஸ்மித் என்பவர் வந்து தேவாலா, பந்தலூர் பக்கம் தங்கம் இருக்கிறது என்று ஆய்ந்து எழுத, லண்டனில் கம்பெனி கம்பெனியாகப் பங்கு விற்றார்கள். அவ்வளவு இரும்பையும் இந்த மலைக்கு மேலே எப்படிக் கொண்டு வந்தார்களோ! ஸ்டாம்ப் மில் என்பார்கள், இரும்பு உலக்கையைத் தூக்கித் தூக்கிப் போட்டு வெள்ளைக் கல்லைப் பொடியாக்கும். டன்னுக்கு வந்த தங்கம் கூலிக்குக்கூடக் கட்டவில்லை. சில வருஷத்தில் எல்லாம் மூடிவிட்டுப் போய்விட்டார்கள். குழிகள் மட்டும் மிஞ்சின. அதற்குள் இறங்கித் திருட்டுத்தனமாகத் தோண்டி, மண் சரிந்து செத்தவர்கள் நம் காலத்திலும் உண்டு.

தம்பி, போகிற இடத்தில் பெரியவர் சொன்ன கழிவு அணை எப்படி இருக்கிறது என்றும் விசாரித்துக்கொள். 2025 பிப்ரவரியில் ஜாம்பியாவில் ஒரு தாமிர ஆலையின் கழிவு அணை உடைந்து, அமிலத் தண்ணீர் கஃபுவே ஆற்றில் கலந்து மீனெல்லாம் செத்ததாகப் படித்தேன்.

சேரம்பாடி பெரியவர்:

டீச்சரம்மா, ஜா கிரஷருக்கு எலி விட்னி பிளேக் பேட்டன்ட் வாங்கியது 1858, அதுவும் ரோட்டு ஜல்லிக்காக. கேட்ஸ் என்பவர் கைரேட்டரிக்கு வாங்கியது 1881. தேவாலாவில் உலக்கை இடித்துக்கொண்டிருந்த அதே காலம். அணை விஷயம் நியாயமான கேள்வி, ஆனால் ஃபிட்டரை அந்தப் பக்கமே விடமாட்டார்கள். குடியிருக்கும் இடம் அணைக்குக் கீழே வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

சரி, நின்றிருக்கும் கிரஷர். தம்பி, இதைக் கவனமாகப் படி.

கல்லை அள்ளும் ஷவலின் பக்கெட் பல் ஒன்று கழன்று கல்லோடு கல்லாக டம்பரில் ஏறி வந்துவிடும். எவ்வளவு கேமரா வைத்தாலும் என்றாவது ஒன்று தப்பும். நான் இருந்த இடத்தில் ஒரு நைட் ஷிஃப்ட்டில் அப்படி வந்தது. கல் நசுங்கும் சத்தம் உனக்குத் தெரியும், கரகரவென்று ஒரே சீராக இருக்கும். நடுவில் ஒரு கீச்சு, உடனே மோட்டார் ட்ரிப். மேலிருந்து லைட் அடித்துப் பார்த்தால் மேண்டிலுக்கும் கான்கேவுக்கும் நடுவில் பல் குறுக்கே மாட்டி நிற்கிறது. ஒரு ஆளால் தூக்க முடியாத கனம், முனை பளபளவென்று தேய்ந்திருந்தது. ஷிஃப்ட் இன்சார்ஜுக்கு அவசரம். கேஸ் கட்டிங்கில் அறுத்து எடு, அரை மணியில் முடித்துவிடலாம் என்றார். நான் முடியாது என்றேன். அந்தப் பல்லை அத்தனை டன் அழுத்தம் பிடித்துக்கொண்டிருக்கிறது. பாதி அறுத்ததும் மீதி குண்டு மாதிரி தெறிக்கும். உலகம் முழுக்க இதில் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

முதலில் கிரஷரின் மின் பிரேக்கர் எல்லாவற்றையும் இறக்கி, யாரும் திரும்பப் போட முடியாதபடி அவரவர் பூட்டைப் போட்டோம். பிறகு மேலே டம்ப் பாக்கெட்டின் (டம்பர் கல்லைக் கொட்டும் தொட்டியின்) சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த கல்லை எல்லாம் ராக் பிரேக்கர் என்ற பாறை உடைக்கும் சுத்தியல் மெஷினால் தட்டி விழவைத்தோம். யாரும் யோசிக்காத ஆபத்து அதுதான். நீ கீழே பல்லையே பார்த்துக்கொண்டிருப்பாய், தலைக்கு மேலே நனைந்த மண்ணில் ஒட்டிய பாறை நேரம் பார்த்துக்கொண்டிருக்கும். அதன் பிறகு மெயின்ஷாஃப்டைத் தாங்குகிற சிலிண்டரில் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஷாஃப்டை இறக்கினோம். வாய் அகன்றது, பல் தானாகத் தளர்ந்தது, கிரேன் கொக்கி போட்டுத் தூக்கினோம். விடிந்துவிட்டது. இன்சார்ஜ் என்னோடு கொஞ்ச நாள் பேசவில்லை, அதனால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

பெல்ட்டின்மேல் மேக்னட் இருக்கிறதே என்று நினைக்காதே. அது இருப்பது கிரஷருக்குப் பின்னால், அடுத்த மெஷின்களைக் காப்பாற்ற. அதுவும், லைனர் உடைந்த துண்டு மாங்கனீஸ் ஸ்டீல் என்றால் மேக்னட் பிடிக்காது. சந்தேகமாக இருந்தால் உங்கள் பழைய ஜா பிளேட்டில் ஒரு காந்தத்தை வைத்துப் பார். அதற்குத்தான் மெட்டல் டிடெக்டர் தனியாக வைப்பார்கள். அது அடிக்கடி கத்துகிறது என்று பைபாஸ் போட்டு வைக்கிற ஆளும் உண்டு.

கூடலூர் ஃபிட்டர்:

ஐயா, நன்றி. காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவே இல்லை! இத்தனை நாள் அந்தப் பிளேட்டோடுதான் கிடக்கிறேன். இரண்டு சந்தேகம். லைனர் மாற்றுவது எப்படி? எங்களிடம் ஜா பிளேட் என்றால் வெட்ஜைக் கழற்றி மாட்டுவோம், கோனுக்கு லைனருக்குப் பின்னால் இடைவெளியை நிரப்ப எபாக்சி ஊற்றுவோம். அப்புறம் மழைக்காலம் எப்படி இருக்கும்?

சேரம்பாடி பெரியவர்:

எபாக்சி ஊற்றத் தெரியும் என்பதை இன்டர்வியூவில் முதலிலேயே சொல்லிவிடு. மேண்டிலுக்கும் கான்கேவுக்கும் பின்னால் அதேதான், அளவுதான் அதிகம். ஷாஃப்டோடு மேண்டிலை அப்படியே கிரேனில் உருவி எடுத்து, தயாராக வைத்திருக்கும் இன்னொரு ஷாஃப்டை இறக்குவார்கள். கான்கேவ் துண்டு துண்டாக, வரிசை வரிசையாக இருக்கும். அதற்கு ஆள் உள்ளே இறங்கித்தான் ஆக வேண்டும், நாள் பிடிக்கும். அந்த நேரத்தில் மில் பட்டினி கிடக்காமல் இருக்க வெளியே கல்லை மலையாகக் குவித்து வைத்திருப்பார்கள். குவியல் கரையக் கரைய உனக்கு போன் வந்துகொண்டே இருக்கும்.

மழை நவம்பரில் பிடித்தால் ஏப்ரல் வரை. சோல்வேஜியும் மேட்டுநிலம், ஆயிரத்து முந்நூறு மீட்டருக்குப் பக்கம், கூடலூர்க்காரனுக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. மேல்மட்டத்துக் கல் களிமண்ணோடு வரும்போதுதான் கஷ்டம், கல் சரிந்து இறங்கும் சரிவுத் தொட்டிகளில் எல்லாம் அப்பிக்கொள்ளும். மலேரியாவை அலட்சியம் பண்ணாதே, கொசுவலையை இங்கிருந்தே எடுத்துப் போ. கோடையில் தூசி. சாதாரண துணி மாஸ்க் சிலிக்கா தூசிக்குப் போதாது, ரெஸ்பிரேட்டர் தருகிறார்களா என்று கேள்.

இன்டர்வியூவில் நீயும் கேட்க வேண்டியது உண்டு. ஒவ்வொரு ஃபிட்டருக்கும் சொந்தப் பூட்டும் சாவியும் உண்டா, இல்லை எல்லோருக்கும் சேர்த்து சூப்பர்வைசர் ஒரே பூட்டா? இரண்டாவது என்றால் சம்பளம் எவ்வளவு சொன்னாலும் போகாதே. ஸ்பேர் மெயின்ஷாஃப்ட் சைட்டிலேயே மேண்டில் மாட்டித் தயாராக இருக்கிறதா என்றும் கேள். "ஆர்டர் போட்டிருக்கிறோம்" என்று பதில் வந்தால், அது கப்பலில் வந்து சேரும்வரை உனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போ.