மாட் 1000000007-க்கு மாத்தினதும் என்டிடி தப்பா விடை தருது

சேலம்பையன்:
பல்லுறுப்புக் கோவை பெருக்க சி பிளஸ் பிளஸ்ல என்டிடி (மீதிகளை மட்டும் வெச்சு வேகமா பெருக்கற முறை) எழுதி வெச்சிருக்கேன். மாட் (மீதி எடுக்க வகுக்கற எண்) 998244353, ப்ரிமிட்டிவ் ரூட் (இதோட அடுக்குகளை மாட்-ஆல வகுத்தா 0 தவிர எல்லா மீதியும் வரும்) 3. லட்சம் உறுப்பு கொடுத்தாலும் சரியா ஓடுது. இப்ப ஒரு கணக்குல 1000000007-ஆல வகுத்த மீதி கேக்கறாங்க. மாட் வரியை மட்டும் மாத்தினேன். எர்ரர் எதுவும் வரல. ஆனா கெழுக்கள் 1, 1-ஐ (அதாவது 1 + x) அதோடவே பெருக்கினா 1, 2, 1, 0 வரவேண்டிய இடத்துல இது வருது:
666666673, 2, 333333336, 0
இதுவும் பகா எண்தானே, என்ன கோளாறு?

பிட்டுக்குபிட்டு:
இந்த எண்ணுக்கு 3 ப்ரிமிட்டிவ் ரூட் கிடையாது ப்ரோ. 5 போடுங்க.

சேலம்பையன்:
போட்டேன். 800000007, 2, 200000002, 0. நடுவுல இருக்கற 2 மட்டும் அசையாம நிக்குது!

மீதித்தேற்றம்:
தம்பி, 5 ப்ரிமிட்டிவ் ரூட்தான், ஆனா அதால பிரயோஜனம் இல்லை. நீளம் 4-க்கு உங்க கோடு மாட்-ல ஒன்று கழித்து 4-ஆல் வகுக்குது; அந்த விடையை அடுக்கா போட்டுத்தான் நீளம் 4-க்கான ரூட்டை எடுக்குது. 1000000006 ÷ 4 = 250000001.5. இன்ட் அந்த அரையைச் சத்தமில்லாமல் முழுங்கிடும்.

உங்க முதல் விடையிலேயே தடயம் இருக்கு. 333333336-ஐ 3-ஆல் பெருக்கினா 1000000008, அதாவது மீதி 1. ஆக அது 1/3. 666666673 என்பது 5/3. நீளம் 4-க்கான ரூட்டோட வர்க்கம் −1 ஆக வேண்டிய இடத்துல 1/3 உட்கார்ந்திருக்கு. 5 போட்டப்ப அந்த வர்க்கம் −1/5.

வேற எந்த எண்ணைப் போட்டாலும் இதே கதைதான். 1000000006 = 2 × 500000003, இரண்டாவதும் பகா எண். நீளம் 2-ஓட அடுக்கு, அது இந்த எண்ணை மீதியில்லாம வகுக்கணும். இருக்கறது ஒரே ஒரு 2, அதனால நீளம் 2-க்கு மேல நகராது. 998244352 = 2^23 × 7 × 17; 8388608 நீளம் வரைக்கும் தாங்கும். அந்த எண்ணைத் தேடிப் பிடிச்சதே இதுக்காகத்தான்.

வழி: 998244353, 167772161, 469762049 மூணுலயும் தனித்தனியா என்டிடி ஓட்டுங்க. மூணுக்கும் 3-தான் ரூட். அப்புறம் சீன மீதித் தேற்றத்தால (பல மீதிகள்ல இருந்து மூல எண்ணை மீட்கற விதி) சேர்த்து, கடைசியா 1000000007-ஆல் மீதி எடுங்க. சேர்க்கும்போது முழு எண்ணை லாங் லாங்-ல (64 பிட் எண்) வைக்காதீங்க, வழிஞ்சிடும். கார்னர் முறையில (ஒரு நேரத்துல ஒரு மீதியா சேர்க்கறது) படிப்படியா போங்க.

சேலம்பையன்:
1, 2, 1, 0 வந்துடுச்சு, நன்றிண்ணா! ஆனா நேரம் மூணு மடங்கு ஆகுது. ரெண்டு பகா எண்ணோட நிறுத்திக்கலாமா?

மீதித்தேற்றம்:
முடியாது. லட்சம் உறுப்புன்னா ஒரு கெழு 10^23 வரை போகலாம். 998244353-ஐயும் 469762049-ஐயும் பெருக்கினா 10^18 கூட எட்டாது. மூணும் சேர்ந்தா 10^25-ஐத் தாண்டும். நேரம்தான் பிரச்சினைன்னா, ஒவ்வொரு கெழுவையும் 32768-ஆல் இரண்டாப் பிரிச்சு டபுள்ல (தசம எண் வகை) எஃப்எஃப்டி, அதாவது என்டிடி மாதிரியே ஆனா மீதி இல்லாம தசம எண்ல ஓடற முறை, ஓட்டலாம். ரூட்களை மட்டும் சைன், காஸ் வெச்சு நேரடியா கணக்கிடுங்க. ஒண்ணோட ஒண்ணு பெருக்கிக்கிட்டே போனா தசமப் பிழை சேர்ந்து கடைசி இலக்கம் மாறிடும்.