மறு: ஹாப்ஸுக்குச் ‘சேமிப்புக் குறியீடு’ வேண்டாம், ‘மூப்பெண்’ என்று வைப்போம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவைப் பற்றிய நம் கலைச்சொல் பட்டியலுக்கு வந்த கருத்துகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

> ஹாப்ஸ் ஆய்வுத் தாளில் வரும் அந்த எண்ணுக்குச் ‘சேமிப்புக் குறியீடு’ போதும். மூலச்சொல்லான ‘hop storage index’ என்பதற்கு நேராக இருக்கிறது.

நேராக இருப்பதுதான் இங்கே சிக்கல். ஒருவர் ஹாப்ஸ் வாங்கப் போகிறார். ஒரு தாளில் ‘சேமிப்புக் குறியீடு 0.45’, இன்னொன்றில் ‘0.28’. எதை எடுப்பார்? சேமிப்பு கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று 0.45-ஐ எடுத்துவிடுவார். அதுதான் பழைய சரக்கு. எண் ஏற ஏற ஹாப்ஸ் மூத்துக்கொண்டே போகிறது என்பது சொல்லைப் பார்த்தவுடன் தெரிய வேண்டும். அதனால்தான் ‘மூப்பெண்’ என்கிறேன். மூப்பு, எண் இரண்டும் எல்லோருக்கும் தெரிந்த சொற்கள், விளக்கம் தேவைப்படாது.

இந்த எண் எப்படி வருகிறது என்பதையும் பார்த்துவிடலாம். ஹாப்ஸைக் கரைத்து அந்தக் கரைசலில் புற ஊதா ஒளியைச் செலுத்துவார்கள். கசப்புக்குக் காரணமான அமிலங்கள் கெடாமல் இருந்தால் 325 நானோமீட்டர் பக்கம் ஒளியை நன்றாக உறிஞ்சும். ஆக்சிஜன் பட்டு அவை சிதைந்தால் உண்டாகும் பொருள்கள் 275 பக்கம் உறிஞ்சும். 275-இல் கிடைத்த அளவை 325-இல் கிடைத்த அளவால் வகுத்தால் நம் எண். புதிதாக அறுத்து உலர்த்திய ஹாப்ஸுக்கு இது 0.25-ஐ ஒட்டி இருக்கும். 0.5-ஐத் தொட்டுவிட்டால் கசப்பு அமிலங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று கணக்கு. ஆக, அளக்கப்படுவது சேமிப்பே அல்ல, மூப்புதான்.

> மூப்பு என்றால் மரியாதையான சொல் போல இருக்கிறதே. கெட்டுப்போவதைக் குறிக்க ‘கெடு எண்’ என்றால் என்ன?

யோசித்துப் பார்த்தேன், எனக்கு உடன்பாடில்லை. பெல்ஜியத்தில் லாம்பிக் என்னும் பீரைக் காய்ச்சுபவர்கள் வேண்டுமென்றே பழைய ஹாப்ஸைத்தான் போடுகிறார்கள். கசப்பும் மணமும் மட்டுப்பட்டிருக்க வேண்டும், ஆனால் வேண்டாத பாக்டீரியாவை அடக்கும் தன்மை கொஞ்சம் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது அவர்கள் தேவை. அவர்களுக்கு உயர்ந்த எண் ஒரு குறையே இல்லை. ‘கெடு எண்’ என்று பெயர் வைத்துவிட்டால் அவர்கள் பயன்படுத்துவது கெட்ட சரக்கு என்றாகிவிடும். மூப்பு நடுநிலையான சொல். வயதைச் சொல்லும், தீர்ப்புச் சொல்லாது.

சரி, அடுத்தது.

> தாவரத்துக்கே ‘கசப்புமலர்’ என்று வைத்துவிடலாம்.

இதை வலுவாக மறுக்கிறேன். ஹாப்ஸ் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் மணத்துக்காக வாங்குகிறார்கள். செக் நாட்டு சாஸ் ரகத்தில் கசப்புக்கு மூலமான ஆல்ஃபா அமிலம் 3 முதல் 4 விழுக்காடுதான், அதன் பெருமையெல்லாம் மென்மையான மூலிகை மணத்தில் இருக்கிறது. 1972-இல் வெளிவந்த அமெரிக்க ரகமான காஸ்கேடைத் தேடுவது அதன் எலுமிச்சை இன மணத்துக்காக. ஜெர்மனியின் மேக்னம் ரகத்தை எடுத்தால் ஆல்ஃபா அமிலம் 12 விழுக்காட்டுக்கு மேல், அதைக் கசப்புக்கென்றே வாங்குவார்கள். பெயரிலேயே கசப்பை ஏற்றிவிட்டால், புதிதாகத் தொடங்குகிறவர் எல்லா ஹாப்ஸையும் ஒரே வேலைக்கு என்று எண்ணிக்கொள்வார். தாவரத்துக்கு ஹாப்ஸ் என்ற பெயரே இருக்கட்டும். கிரந்த எழுத்து வேண்டாம் என்று ‘ஆப்பு’ ஆக்குவதற்கும் நான் உடன்பட மாட்டேன். அந்தச் சொல்லுக்குத் தமிழில் ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது.

கசப்பு என்ற சொல் தேவைப்படும் இடம் வேறு. பொட்டலத்தில் ‘ஆல்ஃபா 5%’ என்று இருக்கும். பீர் தயாரான பிறகு அதன் கசப்பைச் சொல்ல இன்னோர் அளவு. இரண்டுக்கும் ‘கசப்பு அளவு’ என்றே பட்டியலில் எழுதியிருக்கிறோம், பிரித்தே ஆக வேண்டும். பொட்டலத்தில் இருப்பது ‘கசப்பு வலு’, பீரில் இருப்பது ‘கசப்பு அலகு’.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆல்ஃபா அமிலம் அப்படியே கசப்பாகிவிடுவதில்லை. மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) கரைசலில் கொதிக்கும்போது அதன் மூலக்கூறு அமைப்பு மாறி ஐசோ-ஆல்ஃபா அமிலம் ஆனால்தான் கரையும், கசக்கும். ஒரு மணி நேரம் கொதித்தாலும் நான்கில் ஒரு பங்கு மாறிப் பீரில் தங்கினால் நல்ல கணக்கு. வலு 5 உள்ள ஹாப்ஸ் 30 கிராம் போட்டால் அதில் ஆல்ஃபா அமிலம் 1,500 மில்லிகிராம். அதில் கால்பங்கு 375. இருபது லிட்டர் பீரில் அது பரவினால் லிட்டருக்கு 19 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஏறக்குறைய 19 கசப்பு அலகு. வலு என்பது வாங்கும்போது பார்ப்பது, அலகு என்பது குடிக்கும்போது நாக்கில் படுவது.

இன்னொன்று. வலு அறுவடைக்கு அறுவடை மாறும். செய்முறையில் 5 என்று இருந்து, கையில் உள்ள பொட்டலத்தில் 4 என்று இருந்தால் 30 கிராமுக்குப் பதில் 37.5 கிராம் போட வேண்டும். மணத்துக்காகக் கடைசியில் சேர்ப்பதற்கு இந்தக் கணக்குத் தேவையில்லை, அங்கே எடைதான் முக்கியம்.

சேர்க்கும் நேரத்துக்கான மூன்று சொற்களில், கொதியின் தொடக்கத்தில் போடும் ‘முன்சேர்ப்பு’, முடிவில் போடும் ‘கடைச்சேர்ப்பு’ இரண்டிலும் எல்லோரும் ஒத்துப்போகிறோம். மூன்றாவதாக, கொதியெல்லாம் முடிந்து ஆறிய பீரில் போடுவதை ‘உலர் சேர்ப்பு’ என்று எழுதியிருப்பதில் பொருளே இல்லை. அங்கே எதுவும் உலர்ந்து இருப்பதில்லை. ‘ஊறல் சேர்ப்பு’ செயலுக்குப் பொருத்தம்தான், ஆனால் செய்தித்தாள் படிக்கிற யாருக்கும் ஊறல் என்றால் சாராய ஊறல்தான் நினைவுக்கு வரும். ‘தண்சேர்ப்பு’ என்று வைப்போம். சூடு படாமல் சேர்ப்பதால்தான் மிர்சீன் போன்ற, எளிதில் ஆவியாகிவிடும் எண்ணெய்கள் பீரில் தங்குகின்றன. காரணமும் சொல்லிலேயே வந்துவிடுகிறது.

ஹாப்ஸ் விற்கப்படும் வடிவங்களில் முழுப் பூவுக்குப் ‘பூங்கூம்பு’, அரைத்து அழுத்தியதற்குக் ‘குளிகை’, இரண்டும் எனக்குச் சம்மதம். பூங்கூம்பின் இதழைப் பிரித்துப் பார்த்தால் அடியில் மகரந்தம் போல மஞ்சள் பொடி ஒட்டியிருக்கும். அதுதான் லுபுலின், கசப்பும் மணமும் அதற்குள் இருக்கின்றன. குளிகை அழுத்தும்போது லுபுலினை அடக்கிய சுரப்பிகள் உடைவதால் கரைசலில் விரைவாகக் கலக்கும். அதே காரணத்தால் பொட்டலத்தைத் திறந்துவிட்டால் காற்றுக்கும் விரைவாக இரையாகும். டி-90 என்னும் குளிகை வகையை ‘90 விழுக்காட்டுத் தூய்மை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது தவறு. 100 கிலோ கூம்பிலிருந்து 90 கிலோ குளிகை கிடைத்ததால் வந்த பெயர் அது. ‘டி-90 குளிகை’ என்றே விட்டுவிடலாம்.

இனி தேதிகள். ‘தயாரிப்பு நாள்’ என்று பொதுவாக எழுதுவது வாங்குபவரைக் குழப்பும். பொட்டலம் கட்டிய நாளும் அறுத்த காலமும் ஒன்றல்ல. ‘அறுவடை ஆண்டு’, ‘பொதிந்த நாள்’ என்று தனித்தனியாக வேண்டும். வட அரைக்கோளத்தில், ஜெர்மனியின் ஹாலர்டாவ் ஆனாலும் அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்கு ஆனாலும், ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் அறுக்கிறார்கள். நியூசிலாந்தில் பிப்ரவரி, மார்ச் வாக்கில். ஒரே அறுவடை ஆண்டு அச்சிட்டிருந்தாலும் நியூசிலாந்துச் சரக்குக்கு அரை ஆண்டு மூப்பு கூடுதல்.

மூப்பெண் அச்சிடாத சிறு பொட்டலங்கள்தான் அதிகம் என்பதால், பட்டியலில் இந்தச் சொல்லுக்கான விளக்கத்தில் கண்ணாலும் மூக்காலும் அறியும் வழியையும் சேர்க்கச் சொல்கிறேன். வெற்றிடப் பொட்டலம் இறுக்கமாக இல்லாமல் தளர்ந்திருந்தால் காற்று புகுந்துவிட்டது. குளிகையை விரலிடையே நசுக்கினால் பசுமையான பொடியாக உதிர்ந்து, பிசுக்கென்று ஒட்ட வேண்டும். பழுப்பேறியிருந்தால் தள்ளிவையுங்கள். பழைய பாலாடைக்கட்டி வாடையோ அழுக்குக் காலுறை வாடையோ அடித்தால் ஆல்ஃபா அமிலம் உடைந்து ஐசோவலேரிக் அமிலம் வந்துவிட்டது என்று பொருள்.

> ரகத்துக்கு ரகம் கெடாமல் இருக்கும் காலம் மாறுமே. அதற்கும் சொல் வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். ‘தாங்குதிறன்’ என்று வைக்கலாம். அறை வெப்பத்தில் ஆறு மாதம் கிடந்தால் காஸ்கேடில் ஆல்ஃபா அமிலம் பாதி அளவுதான் மிஞ்சும், மேக்னத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நிற்கும். அப்படியானால் காஸ்கேடைத் தேவைக்கு மட்டும் வாங்க வேண்டும், மேக்னத்தைக் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைக்கலாம். ‘சேமிப்பு’ என்ற சொல் பொருந்துகிற இடம் உண்மையில் இதுதான். அதை மூப்பெண்ணுக்குக் கொடுத்துவிட்டால் இந்த இரண்டும் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

வைக்கும் முறைக்குப் புதிய சொல் எதுவும் தேவையில்லை. ஃப்ரீசர், இருட்டு, காற்றில்லாமை, அவ்வளவுதான். வெப்பம் 15 டிகிரி செல்சியஸ் குறைந்தால் சிதையும் வேகம் ஏறத்தாழ பாதியாகும் என்பது ஹாப்ஸ் கணக்கில் வழக்கமாகக் கொள்ளும் அளவு. சாதாரண பிளாஸ்டிக் பை ஆக்சிஜனை மெல்ல உள்ளே விடும், உலோகப் படலம் ஒட்டிய பைதான் பாதுகாப்பு. திறந்த பொட்டலத்தில் மீதியிருந்தால் உடனே காற்றை உறிஞ்சி மூடி, பழையபடி ஃப்ரீசரில் போட வேண்டும். பெரிய கண்ணாடி ஜாடியில் கைப்பிடி ஹாப்ஸைப் போட்டு மூடினால் ஜாடி முழுக்க அடைபட்டிருப்பது காற்றுதான்.

ஆட்சேபம் இருப்பவர்கள் எழுதுங்கள். குறிப்பாக ‘தண்சேர்ப்பு’ வாயில் நுழைகிறதா என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்புறம், இதழில் ஒரு பகுதியைச் சலித்து நீக்கி லுபுலினைச் செறிவாக்கிய டி-45 குளிகைக்கு ‘செறிகுளிகை’ சரிவருமா?

அன்புடன்.