கடிதத்தில் ‘வெர்ரா’ இருந்தால் அடுத்த சொல்லையும் பாருங்கள்

பலெர்மோவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு.

இத்தாலிய மொழியில் ‘வெனீரே’ என்றால் வருவது. அதன் எதிர்காலத்தை முதல் மாதத்திலேயே பாடமாக்கிவிடுங்கள். வெர்ரோ (வருவேன்), வெர்ராய் (வருவாய்), வெர்ரா (வருவார்), வெர்ரேமோ (வருவோம்), வெர்ரேத்தே (வருவீர்கள்), வெர்ரான்னோ (வருவார்கள்). விதிப்படி ‘வெனிரோ’ என்றுதான் வரவேண்டும். ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. நம்முடைய ‘வா’வும் ‘வாவேன்’ ஆகாமல் ‘வருவேன்’ என்றுதானே ஆகிறது. டொக்டர், வீட்டுக்காரர் போன்றவர்களை மரியாதையாக ‘லேய்’ என்று அழைக்கும்போதும் ‘வெர்ரா’தான்.

பேச்சில் ‘தொமானி வெங்கோ’ என்று நிகழ்காலத்திலேயே முடித்துவிடுவார்கள், நாங்கள் ‘நாளைக்கு வாறன்’ என்பதைப்போல. அதனால் கடையிலும் வேலையிலும் எதிர்காலம் தெரியாமலே சமாளிக்கலாம். கடிதத்தில்தான் மாட்டிக்கொள்வோம்.

பெர்மெசோ (இங்கே தங்குவதற்கான அனுமதிப் பத்திரம்) புதுப்பிக்கக் கொடுத்திருந்த வருடம் எனக்கு ஒரு கடிதம் வந்தது: ‘லப்புந்தமெந்தோ வெர்ரா கொமுனிக்காத்தோ’. வெர்ரா என்றால் வருவார் என்று மட்டும் தெரியும். யாரோ வீட்டுக்கு வரப்போகிறார் என்று நினைத்து இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை, அந்தச் சம்பளமும் இல்லை. உண்மையில் அதன் பொருள், ‘சந்திப்பு நேரம் அறிவிக்கப்படும்’.

இதை எந்த அண்ணாவும் அக்காவும் எனக்குச் சொல்லித்தரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். வெர்ராவுக்குப் பின்னால் ஆத்தோ, ஊத்தோ, ஈத்தோ என்று முடியும் சொல் நின்றால், பெரும்பாலும் அது நம்முடைய ‘-ப்படும்’. ‘வெர்ரா கியமாத்தோ’ என்றால் நீங்கள் அழைக்கப்படுவீர்கள். பெண் என்றால் ‘கியமாத்தா’. பலரைப் பற்றி என்றால் வெர்ரான்னோ. ஒருவரும் எங்கிருந்தும் வருவதில்லை.

உச்சரிப்புக்கு ஒரு சொல். கொப்பியில் ‘வெற்றோ’ என்று எழுதாதீர்கள், பிறகு ‘வெற்றி’ மாதிரி வாசித்துவிடுவீர்கள். நாக்கு நன்றாக அதிரவேண்டும். வெர்ரேமோ என்றால் வருவோம். ‘ம்’ அழுந்தி வெர்ரேம்மோ ஆனால், ‘முடிந்தால் வருவோம்’ என்பதுபோல நிபந்தனையாகிவிடும். கனியையும் கன்னியையும் பிரித்துக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது கஷ்டமில்லை.

அப்புறம், ‘தெனேரே’யும் (கையில் பிடித்துக்கொள்வது) ‘ரிமனேரே’யும் (தங்குவது) இதே வழிதான்: தெர்ரோ, ரிமர்ரோ. மூன்றையும் சேர்த்தே பாடமாக்குங்கள்.

கடிதம் ஏதும் விளங்காவிட்டால் அந்த வரியை மட்டும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். பெயரையும் கோப்பு இலக்கத்தையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.