லீவுல வந்த கைதி தினமும் ஸ்டேஷன்ல கையெழுத்து போடணுமா?

ஆரணிக்காரன்: "பரோல்ல வந்தவன் தினம் ஒரு கையெழுத்து போடுறதுல என்ன கஷ்டம், அஞ்சு நிமிஷ வேலை"னு மேல ஒருத்தர் எழுதியிருக்காரு. படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. எங்கண்ணன் லீவுல வந்தப்ப நான்தான் கூட்டிட்டுப் போவேன். ஸ்டேஷன்ல எழுத்து வேலை பாக்கற ரைட்டர் பந்தோபஸ்துக்குப் போயிருப்பாரு, கையெழுத்து நோட்டு அவர் பீரோவுல பூட்டியிருக்கும். அவர் வர்ற வரைக்கும் வாசல்லயே நிக்கணும். படுத்த படுக்கையா கிடக்கற அம்மாவைப் பாக்க வாங்கின லீவுங்க அது.

ஓய்வு ஏட்டு: கையெழுத்து இல்லாம ஆள் ஓடிட்டா யார் பதில் சொல்றது, நீங்களா? ராஜீவ் கொலை கேஸ் நளினி பரோல்ல இருந்தப்ப காட்பாடி ஸ்டேஷன்ல போடலையா? விடுதலையான 2022 நவம்பர் 12 அன்னிக்குக்கூட கையெழுத்து போட்டுட்டுதான் வேலூர் ஜெயிலுக்குப் போனாங்க.

ஆரணிக்காரன்: அதே வருஷம் மார்ச்சுல அதே கேஸ் பேரறிவாளனுக்கு சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சு? மாசத்துல முதல் வாரம் ஜோலார்பேட்டை ஸ்டேஷன்ல ஆஜரானா போதும்னுச்சு. ஓடிட்டாரா?

ஓய்வு ஏட்டு: அது ஜாமீன் தம்பி. இது பரோல்.

ஆரணிக்காரன்: எதுவா இருந்தா என்ன, ஓடிட்டாரான்னு கேட்டேன்.

டல்லாஸ் பாலா: அமெரிக்காவுல ஃபெடரல் கேஸ்ல வெளிய வந்தா 72 மணி நேரத்துக்குள்ள புரொபேஷன் ஆபீஸ்ல, அதாவது நன்னடத்தை அலுவலகத்துல, ஆஜராகணும். அப்புறம் எப்ப வரணும்னு ஆபீஸர் சொல்லுவாரு. அவரே வீட்டுக்கும் வருவாரு. வாரம் 30 மணி நேரமாவது வேலை பாக்கணும்னும் நிபந்தனை இருக்கு. தினம் ஸ்டேஷன்ல நின்னா எவன் வேலை குடுப்பான்?

ஓய்வு ஏட்டு: வந்துட்டாருய்யா அமெரிக்காவைத் தூக்கிட்டு. ஹெல்மெட் விவாதத்துலயும் இதே வேலைதான்.

டல்லாஸ் பாலா: அதுல என்னை "ஓடிப்போனவன்"னு எழுதினது யாரு? இன்னும் அழிக்கல நீங்க.

ஆரணிக்காரன்: ஹெல்மெட்டை விடுங்கப்பா. லீவு குடுக்கறதுக்கு முன்னாடி நன்னடத்தை அலுவலர் எங்க வீட்டுக்கு வந்தாரு. அக்கம்பக்கத்துல விசாரிச்சாரு, அம்மா கட்டில்கிட்ட உக்காந்து பேசினாரு. அவர் அறிக்கையைப் பாத்துதானே லீவே குடுத்தாங்க? அவரே நடுவுல ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போகட்டுமே. தினம் எதுக்குக் கையெழுத்து?

ஓய்வு ஏட்டு: அவருக்கு இருக்கற வேலைக்கு உங்க வீட்டுக்கே வந்துட்டு இருப்பாரா? முப்பது வருஷம் காக்கி போட்டவன் சொல்றேன், தினமும் போட்டுதான் ஆகணும்.

ஆரணிக்காரன்: முப்பது வருஷத்துல வாசல்ல நின்னவனை ஒருநாளாவது உள்ள கூப்பிட்டு உக்காரச் சொன்னீங்களா? அதைச் சொல்லுங்க முதல்ல.

டல்லாஸ் பாலா: எனக்கும் பதில் வரல. அந்த ஹெல்மெட் பதிவை அழிங்க ஏட்டய்யா.

ஓய்வு ஏட்டு: அழிக்க முடியாது.