நெடுந்தூர ஓட்டத்தின் நடுவே குடிக்கும் சர்க்கரை உடலில் என்ன ஆகிறது?

கேள்வி:
வணக்கம். முதல் முழு மராத்தானுக்காகப் பயிற்சி செய்து வருகிறேன். சென்ற வாரம் தண்ணீர் மட்டுமே குடித்துக்கொண்டு 30 கிலோமீட்டர் ஓட முயன்றபோது, 26 கிலோமீட்டரைத் தாண்டியதும் கால்கள் கனத்துத் தலை கிறுகிறுத்ததால் நடந்தே வீடு சேர்ந்தேன். ஓடும்போதே குளுக்கோஸ் நீர் குடித்தால் தசையில் சேமித்துள்ள கிளைக்கோஜன் (குளுக்கோஸை உடல் சேர்த்துவைக்கும் வடிவம்) மிச்சமாகும் என்கிறார் ஒரு நண்பர். இன்சுலின் ஏறி இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும் என்று இன்னொருவர் எச்சரிக்கிறார். இவற்றில் எது சரி?

பதில் 1:
இரண்டாமவரின் அச்சம் ஓட்டம் தொடங்குவதற்கு முக்கால் மணி நேரத்திற்குள் இனிப்பு உண்பவர்களில் சிலருக்குப் பொருந்தும். ஓடத் தொடங்கியபின் நிலைமை வேறு. அட்ரினலின் இன்சுலின் சுரப்பை அடக்கிவைக்கிறது. சுருங்கி விரியும் தசையோ இன்சுலினின் தயவின்றியே குளுக்கோஸை உள்ளிழுத்துக்கொள்கிறது.

முதல் நண்பரின் கருத்தைப் பலரும் நம்புகிறார்கள். ஆனால் 1986இல் உடற்பயிற்சி ஆய்வாளர் எட்வர்ட் காய்லின் குழுவினர் பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களிடம் கண்டது அதற்கு மாறானது. சர்க்கரை இல்லாத வெறும் சுவைநீர் குடித்தபோது அவர்கள் சுமார் 3 மணி நேரத்தில் களைத்தார்கள். மாவுச்சத்து கலந்த பானம் குடித்தபோது சுமார் 4 மணி நேரம் தாங்கினார்கள். ஆயினும் முதல் 3 மணி நேரத்தில் தசைக் கிளைக்கோஜன் இரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்திருந்தது. இரத்தச் சர்க்கரை சரியாமல் நின்றதால், கிளைக்கோஜன் வற்றிய பின்னும் தசைகள் அந்தக் குளுக்கோஸை எரித்தே ஒரு மணி நேரம் கூடுதலாக உழைத்தன. குடித்த குளுக்கோஸ் வந்து சேரும்போது கல்லீரல் தன் கிளைக்கோஜன் இருப்பிலிருந்து குளுக்கோஸ் வெளிவிடுவதைக் குறைத்துக்கொள்கிறது என்பது பிந்தைய ஆய்வுகளில் தெளிவாயிற்று. ஆகவே பெரிதும் மிச்சமாவது கல்லீரலின் இருப்பு என்றே நான் கொள்கிறேன். இரவு முழுதும் உண்ணாமல் விடியலில் ஓடுகிறவருக்கு அந்த இருப்பு முன்பே குறைந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

பதில் 2:
உங்கள் கிறுகிறுப்பு புதிதன்று. 1924ஆம் ஆண்டு பாஸ்டன் மராத்தானை முடித்த சிலரின் இரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தபோது, மிகவும் சோர்ந்திருந்தவர்களிடம் சர்க்கரை வெகுவாகக் குறைந்திருந்தது. மறு ஆண்டு ஓட்டத்தின் நடுவே மிட்டாய் கொடுத்துப் பார்த்தார்கள், நிலை தேறியது.

அளவைப் பொறுத்தவரை மணிக்கு 30 முதல் 60 கிராம் சர்க்கரை போதும். குளுக்கோஸ் மட்டும் எடுத்தால் உடல் நிமிடத்திற்குச் சுமார் 1 கிராமுக்கு மேல் அதனை எரிப்பதில்லை. தடை தசையில் இல்லை, குடல் உறிஞ்சும் வேகத்தில் இருக்கிறது. ஃபிரக்டோஸ் (பழச் சர்க்கரை) குடலில் வேறு வாயில் வழியாக உள்ளே செல்வதால், இரண்டையும் கலந்து எடுப்பவர்கள் மணிக்கு 90 கிராம் வரை போகலாம். குடலைப் பழக்காமல் போட்டி நாளில் முதன்முறையாக முயன்றால் வயிறு புரட்டும். ஆகவே நீண்ட பயிற்சி ஓட்டங்களிலேயே சிறிது சிறிதாகத் தொடங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வார நாட்களில் ஓடும் 10 கிலோமீட்டருக்கும் இது தேவையா?

பதில் 1:
தேவையில்லை, அந்தத் தூரத்திற்குத் தசையில் உள்ள கிளைக்கோஜனே தாராளம்.