திட்டு வாங்கினால் ஒரு மணி நேரம் வேலையே ஓடவில்லை, என்ன செய்ய?

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு மொத்தக் கடையில் 3 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். 8 மாதமாக முதலாளி, லோடுமேன்கள் முன்னாடியே "மூதேவி, உனக்குச் சம்பளம் ஒரு கேடா" என்கிறார். கை நடுங்கும். டேலி கணக்கு சாப்ட்வேரை மூடிவிட்டு யூடியூபில் எதையாவது பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவேன், பில் தேங்கும், சாயங்காலம் அதற்கும் திட்டு.

தனியாகப் பேசிப் பார்த்தேன், அவர் அண்ணனிடம் சொன்னேன், போனை வீட்டிலேயே வைத்துவிட்டும் போனேன், கம்ப்யூட்டரில் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். வேறு வேலை எல்லாம் சென்னையில்தான் கிடைக்கிறது. அம்மாவுக்கு இங்கே ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு டயாலிசிஸ், விட்டுப் போக முடியாது.

1947 தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி, 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிறுத்த ஒரு மாத நோட்டீஸ் வேண்டும், சரி. இந்த வசவுக்கு? அண்ணாச்சிமாரே, தொழிலாளர் துறையில் இப்படிப் புகார் கொடுத்தவர்கள் இருந்தால், எப்படி எழுதிக் கொடுத்தீர்கள்?