அதிவேக வீதியில் குதிரை, கொழும்பு-காலி வீதியில் நொண்டி: என் டீசல் ஹேட்ச்பேக்குக்கு என்னதான் நோய்?

கொழும்பு06:

வணக்கம். நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது 2014ஆம் ஆண்டு ஐரோப்பிய ஹேட்ச்பேக். 1.6 லீற்றர் டர்போ டீசல், ஆறு கியர், மெனுவல். நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. முன்பொரு தடவை எழுதப்போய், "ஏன் ஜப்பான் வாகனம் வாங்கவில்லை" என்ற சண்டையிலேயே எல்லாம் முடிந்துபோனது. 2020இல் இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலை எங்கே போனது என்பது எல்லோருக்கும் தெரியும். என் கைக்கு எட்டியது யாரும் தொடத் தயங்கிய இந்த டீசல்தான். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அதன் அழகில் விழுந்துவிட்டேன். பின்கதவின் கைப்பிடி ஜன்னல் ஓரத்துக் கறுப்புப் பட்டைக்குள் ஒளிந்திருக்கும். கூரை பின்னால் சரிந்து இறங்கும். பின்னிருக்கையில் உட்காரும் அம்மாவுக்கு அந்தச் சரிவு பிடிக்காது. "கிணற்றுக்குள் இருந்து வானம் பார்ப்பதுபோல் இருக்கிறது" என்பார்.

ஓட்டம்? என்ஜின் நிமிடத்துக்கு 1,800 சுற்று வரும் வரை ஒன்றுமே இல்லை, தூங்குகிறது. அதைத் தாண்டியதும் முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளுவதுபோல் இழுக்கிறது. கடுகண்ணாவ ஏற்றத்தில் மூன்றாம் கியரை மாற்றாமலே லொறியைத் தாண்டியிருக்கிறேன்.

இனி நோய். மூன்று வாரமாக இரண்டாம் கியரில் மெதுவாகப் போகும்போது விக்கல் எடுக்கிறது. நின்றிருக்கும்போது 800 இருக்க வேண்டிய சுற்று சில நாள் 1,000க்கு ஏறி நிற்கிறது. வீட்டுக்கு வந்து சாவியை எடுத்த பின்னும் முன்விசிறி ஐந்தாறு நிமிடம் இரைகிறது. காவலாளி ஐயா ஓடிவந்து "தம்பி, என்ஜினை அணைக்கவில்லையா" என்று கேட்டார். லீற்றருக்கு 14 கிலோமீற்றர் தந்தது இப்போது 10 தருவதே பெரிய விடயம். போன புதன்கிழமை டாஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அன்று 3,000 சுற்றுக்கு மேல் ஏறவே மறுத்துவிட்டது.

அன்றாட ஓட்டம் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு. ஐந்து கிலோமீற்றர், காலையில் 25 நிமிடம். ஒரு கராஜில் கிளட்ச் என்றார்கள். இன்னொன்றில், புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் புகைக்கரி வடிகட்டி போய்விட்டது, வெட்டி எறிந்துவிடலாம் என்றார்கள். யாரை நம்புவது?

பம்ப்_வரிசை_2022:

எந்த டீசல் அடிக்கிறீர்கள்? சாதாரண ஓட்டோ டீசல் என்றால் கதை அங்கேயே முடிந்தது. இந்த வகை என்ஜினுக்கு யூரோ 4 சுப்பர் டீசல்தான். யூரோ 4 என்றால் கந்தகம் கிலோவுக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. உங்கள் கார் பிறந்த ஊரில் அதுவும் 10தான்.

கொழும்பு06:

சுப்பர்தான். எரிபொருளைப் பங்கிட்டுத் தந்த கியூஆர் காலத்தில் கிடைத்ததை அடித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்போது யார்தான் தெரிவு செய்தார்கள்?

மட்டக்குளிச்சிங்கம்:

வெட்டி எறியுங்கள் அண்ணா. நான் என் டீசல் வானில் வெட்டி இரண்டு வருடம். இழுவை கூடிவிட்டது, தலைவலி இல்லை.

பழைய_ஸ்பானர்:

தம்பி சிங்கம், உங்கள் வானுக்குப் பின்னால் போகிறவர்களிடமும் தலைவலியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகும்போது வேகமிதியை அடிவரை அழுத்திப் புகையின் அடர்த்தியை அளப்பார்கள். அன்றைக்கு வந்து எழுதுங்கள்.

கேள்வி கேட்ட தம்பிக்கு. நீங்கள் சொன்ன விக்கல், ஏறிய சுற்று, அடங்காத விசிறி, குறைந்த மைலேஜ் நான்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். கிளட்ச் வழுக்கினால் சுற்று ஏறும், வேகம் ஏறாது. விசிறிக்கும் அதற்கும் என்ன தொடர்பு? வடிகட்டியில் சேர்ந்த கரியைக் கார் தானாகவே எரித்துத் தள்ளும். அதற்குப் புகைக்குழாய்க்குள் கிட்டத்தட்ட 600 பாகை வெப்பம் வேண்டும். பம்பலப்பிட்டிச் சந்தியில் நின்று நின்று போகும் டீசலில் 200ஐத் தாண்டுவதே பெரும்பாடு. ஆகவே என்ஜின் வேலை முடிந்த சிலிண்டருக்குள் கடைசியில் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளிக்கிறது. அது பின்னால் போய் எரிந்து சூடேற்றும். 15, 20 நிமிடம் இடைவிடாமல் நடக்க வேண்டிய அடுப்பு வேலை அது. பாதியில் நீங்கள் கொள்ளுப்பிட்டியில் சாவியைத் திருப்பிவிடுகிறீர்கள். சூட்டைத் தணிக்கத்தான் அந்த விசிறி தனியாக நின்று கத்துகிறது.

இப்போது எனக்கு ஒரேயொரு பதில் வேண்டும். காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, சமதரையில் நிறுத்தி, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். ஒயில் எங்கே நிற்கிறது?

கொழும்பு06:

பார்த்தேன் ஐயா. மேல்கோட்டுக்கு ஒரு விரலளவு மேலே நிற்கிறது! நான் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. விரலில் தடவினால் தண்ணீர்போல் ஓடுகிறது, மண்ணெண்ணெய் அடுப்பைப்போல் மணக்கிறது.

பழைய_ஸ்பானர்:

அதுதான் பயந்தேன். தெளித்த டீசல் எரியாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஒயிலோடு கலந்திருக்கிறது. இந்த நிலையில் அதிவேக வீதிக்குப் போகாதீர்கள். "ஒரு நல்ல ஓட்டம் விட்டால் சரியாகும்" என்று பலர் சொல்வார்கள். சரிதான், ஆனால் ஒயிலை மாற்றிய பிறகு. மெலிந்த ஒயில் டர்போவின் தண்டைத் தின்றுவிடும். அளவு மிஞ்சிய ஒயில் காற்றுக்குழாய் வழியாக உள்ளே இழுபட்டால் டீசல் என்ஜின் அதையே எரிபொருளாகக் குடித்துக்கொண்டு ஓடும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. என் தொழிலில் ஒரு தடவை கண்டேன். நான்காவது கியரில் போட்டுக் கிளட்சை விட்டு மூச்சை அடக்கினோம். இரண்டாவது தடவை காண விருப்பமில்லை.

ஒயில் வாங்கும்போது போத்தலில் சி3 என்று இருக்கிறதா பாருங்கள். கரி எரியும், ஒயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது. சாம்பல் குறைந்த ஒயில் என்பதற்கான அடையாளம் அது. கைக்கு வந்ததை ஊற்றினால் வடிகட்டி உண்மையாகவே அடைத்துப்போகும்.

கொழும்பு06:

ஒயிலும் ஒயில் ஃபில்டரும் மாற்றி, ஞாயிறு காலை ஆறரைக்குப் பேலியகொடையில் அதிவேக வீதிக்கு ஏறினேன். கட்டுநாயக்க வரை 25.8 கிலோமீற்றர். நான்காவது கியர், 80, சுற்று 2,300. ஐயா, நான் இந்தக் காரை வாங்கியதே இதற்காகத்தான் என்பதை மறந்துபோயிருந்தேன். முதல் பத்து நிமிடம் மந்தமாக இருந்தது. ஜா-எல தாண்டும்போது ஒரு கருகிய வாடை, பழைய இஸ்திரிப்பெட்டியைப்போல். அதன் பிறகு என்ஜினின் குரலே மாறிவிட்டது. தொண்டையைச் செருமி முடித்தவன் பேசுவதுபோல். ஸ்டியரிங் கைக்குள் கனமாக, நேராக நிற்கிறது. வீதியின் இணைப்புகளில் டயர் "டக், டக்" என்கிறது (17 அங்குல வீல், டயரின் பக்கச்சுவர் உயரம் குறைவு, அழகுக்குக் கொடுக்கும் விலை). ஆனால் உடல் ஆடவில்லை. திரும்பி வரும்போது மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது.

வெளியேறி நீர்கொழும்பு லெல்லமவில் மீன் வாங்கிக்கொண்டு வந்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மா முதன்முறையாகக் காரைப் புகழ்ந்தார்.

அனைவருக்கும் நன்றி.

கொழும்பு06:

நன்றியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நான்கே நாள். வியாழன் மாலை மறுபடி விசிறி, மறுபடி விக்கல். டிப்ஸ்டிக்கில் ஒயில் சற்று ஏறியிருக்கிறது.

மட்டக்குளிச்சிங்கம்:

நான் அப்போதே சொன்னேன்.

அளவுகோல்:

அண்ணா, நான் வாகனக் கராஜ்காரி இல்லை. தொழிற்சாலையில் அளவுக் கருவிகளோடு வேலை செய்கிறவள். ஸ்பானர் ஐயா சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஒரு கணக்கு இடிக்கிறது. நன்றாக எரிந்து வெறுமையான வடிகட்டி நான்கு நாளில், 40 கிலோமீற்றர் ஓட்டத்தில் எப்படி நிரம்பும்? நகர ஓட்டத்தில்கூட அதற்குச் சில நூறு கிலோமீற்றராவது வேண்டும். ஆகவே, வடிகட்டி நிரம்பவில்லை, நிரம்பியதாகக் கார் நம்புகிறது என்று ஏன் எடுத்துக்கொள்ளக்கூடாது?

கார் கரியை நேரே பார்ப்பதில்லை. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் இரண்டு சிறு றப்பர் குழாய்கள் போய் ஓர் அழுத்த உணரியில் சேர்கின்றன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கூடினால், அடைப்பு என்று கணக்கிடும். என்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் போட்டு, காரின் கணினியை வாசிக்கும் ஸ்கேன் கருவியில் அந்த அளவைப் பாருங்கள். காற்றே ஓடாத குழாயில் வித்தியாசம் ஏது? பூச்சியமோ, பூச்சியத்தை ஒட்டியோ வர வேண்டும். எங்கள் தராசில் தட்டில் ஒன்றுமில்லாமலே எடை காட்டினால் நாங்கள் சரக்கைத் திட்டுவதில்லை.

பழைய_ஸ்பானர்:

மகளே, இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். தம்பி, குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்பதையும் வளைத்துப் பாருங்கள். வெப்பத்தில் அவை பிஸ்கட்போல் ஆகிவிடும்.

கொழும்பு06:

சக ஊழியர் ஒருவரிடம் சிறிய ஸ்கேன் கருவி இருந்தது. அலுவலக வாகனத் தரிப்பிடத்திலேயே பார்த்தோம். என்ஜின் அணைந்திருக்கிறது. சாவி மட்டும். திரையில் 24 மில்லிபார். ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தாலும் அதே 24. குழாய்கள் இரண்டும் நல்ல நிலைமையில் இருக்கின்றன, கழற்றி ஊதியும் பார்த்தேன். குழாயைக் கழற்றி உணரியைத் தனியாக விட்டால்கூட 24!

வெறும் தட்டில் எடை. இத்தனை நாளும் என் கார் இல்லாத கரியை எரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

பஞ்சிகாவத்தையில் இரண்டு உதிரிப்பாகக் கடையில் பாவித்த பழைய உணரியைக் காட்டினார்கள். இந்தப் பொருளில் பழையதை வாங்கிப் புதிய சந்தேகத்தைத் தேட விருப்பமில்லை. புதியதை வரவழைத்தேன், வடிகட்டி மாற்றக் கேட்ட தொகையில் இருபதில் ஒரு பங்கு இருக்கும். இரண்டு திருகாணி, ஒரு இணைப்பு, பத்து நிமிட வேலை.

அளவுகோல்:

மாற்றிய பிறகு ஸ்கேன் கருவியில் பழைய உணரியை வைத்துக் கார் கற்றுவைத்திருந்த அளவுகளை அழித்து, புதிய உணரி என்று காருக்கு அறிவித்தீர்களா? இல்லாவிட்டால் பழைய கணக்கிலேயே ஓடும்.

பழைய_ஸ்பானர்:

ஒயிலையும் மறுபடி மாற்றுங்கள். செலவு என்று பார்க்காதீர்கள்.

கொழும்பு06:

இரண்டும் செய்துவிட்டேன். இன்றோடு ஐந்து வாரம், 612 கிலோமீற்றர். எரிப்பு ஒரேயொரு தடவை நடந்தது. வீட்டுக்கு முன்னால் சுற்று 1,000இல் நிற்பதைக் கண்டு அணைக்காமல் மரைன் டிரைவில் ஏறி, தெஹிவளை வரை போய்த் திரும்பினேன். டிப்ஸ்டிக்கில் ஒயில் கோட்டிலேயே நிற்கிறது. லீற்றருக்கு 13.5. விக்கல் இல்லை.

1,800 சுற்றுக்குக் கீழே இன்னும் தூங்குகிறது. அது நோய் இல்லை, குணம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மட்டக்குளிச்சிங்கம்:

அண்ணா, அந்த ஸ்கேன் கருவி இன்னும் உங்களிடம் இருக்கிறதா? போன வாரம் புகைப் பரிசோதனையில் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.